வெள்ளைத்துரை கைகாட்டிய கிளை

சீனிவாசகத்துக்கு வேலை படம் திருத்துவது. சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகம். பட்டாசு லேபிளில் கிளியின் மூக்கு மழுங்கிப்போனாலும், காலண்டர் முருகனின் வேல் நுனி கலைந்துபோனாலும், பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு, நாலு மயிர்த் தூரிகையால் அதைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் குனிந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் நிமிரலாம். சீசன் நாட்களில் அதற்கும் உத்தரவாதம் கிடையாது.

இப்படிக் குனிந்து குனிந்து, தூரத்தில் இருக்கும் எதையாவது பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு ஏக்கம் வந்துவிட்டது. வானம் வெளுத்திருக்கும் நாட்களில் அச்சகத்து மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலைத்தொடர் ஒரு நீலக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துப் படம் பிடிக்க வேண்டும் என்றுதான் 1952-ல் கேமரா வாங்கினான். மதுரையில் ஒரு ஸ்டுடியோக்காரர் கழித்துப்போட்ட மடக்குக் கேமரா அது. தோல் துருத்தி இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. கறுப்புத் துணியை வஜ்ஜிரம் போட்டு ஒட்டி வெளிச்சம் புகாமல் பார்த்துக்கொண்டான்.

தனியாக மலைக்குப் போகத் தைரியம் இல்லை. கூட வந்தவன் வெள்ளைத்துரை. விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் எடை போடுகிறவன். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வெள்ளைத்துரையின் தாய்மாமன் வீடு மலையடிவாரத்தில். கோடை லீவெல்லாம் அங்கே மாடு பத்திக்கொண்டு திரிந்தவன். மழைக்காலத்திலும் எந்தப் பாறையடியில் காய்ந்த சுள்ளி கிடைக்கும், எந்தச் சுனைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம், கரடி எந்தப் பழம் பழுக்கும்போது எந்தப் பக்கம் இறங்கும் என்பதெல்லாம் அவனுக்குக் கைரேகை மாதிரி.

வருடத்தில் இரண்டு தடவை போவார்கள். விருதுநகரில் வெள்ளைத்துரை ரயில் ஏறுவான். சிவகாசியில் சீனிவாசகம் அதே பெட்டியைத் தேடி ஏறிக்கொள்வான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கிடைக்கிற வண்டியில் பாதி, நடை பாதி. மண்டியில் வத்தல் மூட்டைகளை மூடுகிற பழைய தார்ப்பாய் ஒன்றை வெள்ளைத்துரை கேட்டு வாங்கி வருவான். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி அதைப் போட்டால் கூடாரம். உள்ளே நுழைந்தால் முதல் அரை மணி நேரம் இருவருக்கும் தும்மல் நிற்காது.

"புலியே வந்தாலும் இந்த நெடிக்குத் திரும்பிப் போயிரும்லே" என்பான் வெள்ளைத்துரை.

தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டார்கள். முதல் வருடம் எடுத்த எட்டுப் படத்தில் ஆறு ஈரம் பூத்துப்போயிற்று. அடுத்த தடவை சீனிவாசகம் பிலிம் சுருளை மூடி இறுக்கமான டிபன் டப்பாவில், வறுத்து ஆறவைத்த அரிசிக்கு நடுவே வைத்துக்கொண்டு போனான். ஈரத்தை அரிசி குடித்துவிட்டது. உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணிரண்டும் குழியாக விழும் என்பதும், கேமராவுக்குச் சுருள் மாற்றும்போது வேட்டியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு மாற்ற வேண்டும் என்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் பாழான பிறகே தெரிந்தது. அட்டை ஏறாமலிருக்கக் கணுக்காலில் புகையிலைத் தண்ணீர் பூச வெள்ளைத்துரை சொல்லிக்கொடுத்தான். அடுப்பைத் தார்ப்பாய்க்குக் காற்று போகிற பக்கம் வைக்க வேண்டும் என்பதும் அவன் சொன்னதுதான். வெளிச்ச விஷயத்தில் சீனிவாசகம் சொல்வது சட்டம். தங்குகிற விஷயத்தில் வெள்ளைத்துரை சொல்வது சட்டம். ஆறு வருடமாக இப்படித்தான் ஓடிற்று.

1958-ல், தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம், அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் சூடு பிடிப்பதற்கு முன்னால் மூன்று நாள் லீவு கிடைத்தது. வெளிநாட்டுச் சரக்குக்குக் கெடுபிடி வந்த காலம். பிலிம் கிடைப்பதே பெரும்பாடு. ஐந்து மாதம் அலைந்து ஒரே ஒரு சுருள் சேர்த்து வைத்திருந்தான் சீனிவாசகம். எட்டே படம். எட்டும் நன்றாக விழ வேண்டும் என்று அவனுக்குள் ஒரு வெறி.

அன்று மத்தியானத்துக்கு மேல் ஒரு காட்டோடைக்கு வந்து சேர்ந்தார்கள். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஒரு வளைவில் வெள்ளை மணல் திட்டு. அதன் ஓரம் ஒரு பெரிய நீர்மருது. மணலை ஒட்டியே வீட்டு உயரத்துக்கு ஒரு பாறை. அதில் ஏறிப் பார்த்தான் சீனிவாசகம். எதிரே மலைமுகம் முழுவதும் தெரிந்தது. விடியும்போது கிழக்கு வெயில் நேராக அதில் விழும். கல் சிவக்கிற அந்தக் காட்சி ஐந்து நிமிடம்கூட நிற்காது. இங்கேயே தங்கினால்தான் இருட்டோடு எழுந்து ஏறத் தோதுப்படும்.

அவன் மூன்றுகால் ஸ்டாண்டைப் பாறை மேலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தபோது, வெள்ளைத்துரை தோளில் இருந்த சாக்கை இறக்காமல் மருதமரத்தடியில் நின்றிருந்தான்.

"இங்கன வேண்டாம்லே. அந்த மேட்டுக்குப் போயிருவோம்."

"ஏன்? மணல் மெத்தை மாதிரி இருக்கு."

"தண்ணி கொண்டாந்து போட்ட மெத்தைலே அது. அந்தா பாரு." சாக்கை இறக்கிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, கையை உயர்த்தி மரத்தைக் காட்டினான்.

சீனிவாசகம் மரத்தைப் பார்க்கவில்லை. மலை மறைப்பதற்கு முந்திய கடைசி வெயில் இலைகளுக்கு நடுவே சாய்ந்து வந்து, உயர்த்திய கையின் ஓரத்திலும், கன்னத்திலும், பேசத் திறந்த உதட்டிலும் ஒரு கோடு இழுத்திருந்தது. ஆறு வருடத்தில் அப்படி ஒரு வெளிச்சம் அவனுக்கு வாய்த்ததில்லை.

"அப்படியே இரு! கையை இறக்காதே!"

கேமரா 'டிக்' என்றது. ஐந்தாவது படம்.

"படம் எடுத்தது போதும், நான் சொல்லுறதக் கேளு" என்றான் வெள்ளைத்துரை. "அம்புட்டு உசரம் தண்ணி வந்திருக்கு."

"வானத்தைப் பாரு, தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. ஒரு பொழுதுதானப்பா. விடிஞ்சதும் ஒரு படம், உடனே கிளம்பிருவோம். மேட்டுல தங்குனா இருட்டுக்குள்ள எறங்கி வந்து இந்தப் பாறையில ஏற முடியுமா? அஞ்சு மாசம் காத்திருந்து வாங்குன பிலிம்லே."

"இங்கன வானத்தப் பாக்கக் கூடாது. உச்சியப் பாக்கணும்."

உச்சியில் ஒரு துண்டு மேகம் உட்கார்ந்திருந்தது. சீனிவாசகம் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அது கலைஞ்சிரும்" என்றான்.

வெள்ளைத்துரை இன்னொரு தடவை மரத்தை அண்ணாந்து பார்த்தான். அப்புறம், "நீ ஒரு பிடிவாதக்காரப் பயலே" என்று சொல்லிவிட்டுச் சாக்கை அவிழ்த்தான். அவன் மனைவி பஞ்சம்மாள் கட்டிக் கொடுத்திருந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, மணலில் தார்ப்பாயைக் கட்டி, தும்மிவிட்டுப் படுத்தார்கள்.

விடியும் முன்பே சீனிவாசகம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாறையில் ஏறிவிட்டான். தலைக்கு மேல் நட்சத்திரம் தெளிவாக இருந்தது. வெளிச்சம் வந்தது. மலைமுகம் மெல்லச் சிவந்தது. ஒரு படம் எடுத்தான். கீழே வெள்ளைத்துரை மூன்று கல் வைத்து, ஓடையோரம் குத்தவைத்துக் காப்பிக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

முதலில் ஒரு சத்தம். லோடு லாரிகள் வரிசையாகப் பாலத்தில் போகிற மாதிரி. சீனிவாசகம் திரும்பினான். வளைவுக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் மாதிரி தண்ணீர் மரங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. உச்சியில் பெய்த மழை அது. இங்கே ஒரு சொட்டு விழவில்லை.

"வெள்ளை! ஏறு! மேல ஏறுலே!"

கீழே கற்களில் மோதி ஓடுகிற ஓடையின் இரைச்சலில் குரல் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். வெள்ளைத்துரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். காப்பி கேட்கிறான் என்று நினைத்துவிட்டான். 'ஆயிருச்சு' என்கிற மாதிரி கையில் இருந்த ஈயச் சொம்பைத் தூக்கிக் காட்டினான்.

அவ்வளவுதான். சொம்பு இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

சீனிவாசகம் பாறையில் குப்புறப் படுத்து, கைக்கு எட்டாத தண்ணீருக்குள் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அரை நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது மணலும் இல்லை, தார்ப்பாயும் இல்லை.

மூன்றாம் நாள், மூன்று மைல் கீழே ஒரு கண்மாயில், மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலிங்கில் வெள்ளைத்துரை கிடைத்தான். மாமன் ஊர்க்காரர்கள் தூக்கி வந்து போட்டிருந்தார்கள். முகத்தை வைத்து யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. இடுப்பில் இருந்த அரைஞாண் கயிற்றையும், எடைக்கல் விழுந்து நசுங்கிய பெருவிரல் நகத்தையும் பார்த்து, சீனிவாசகம்தான் "இவன்தான்" என்றான்.

போலீஸ் ஸ்டேஷனில் கேள்வி கேட்டார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். முதல் கேள்வியே, "சாராயம் குடிச்சிருந்தீங்களா?" என்பதுதான்.

"இல்ல சார்."

"பின்ன சுயபுத்தியோட எவனாவது ஓடைக்குள்ள படுப்பானா? இடத்தைப் பாத்தது யாரு?"

சீனிவாசகத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. எதிரே இருந்தவர் பேனா மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளைத்துரையின் அண்ணன் சோலைச்சாமியும் பஞ்சம்மாளும் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அவன்தான் சார். அவனுக்குத்தான் இந்த மலை பழக்கம்."

அந்த வரி எழுதப்பட்டது. படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டான்.

அதற்கப்புறம் அந்த வரி தானாகவே வளர்ந்தது. மலையடிவாரத்தில் மாடு மேய்த்தவன், ஓடையின் குணம் தெரிந்தவன், கார்த்திகை மாதத்தில் ஓடை மணலில் படுத்தான் என்றால் அவன் நிதானத்தில் இருந்திருக்க மாட்டான் என்று ஊர் கணக்குப் போட்டது. குடித்திருந்தான் என்றார்கள். கூட்டாளி நல்லவன், காட்டிக்கொடுக்காமல் மறைக்கிறான் என்றும் சொன்னார்கள். சோலைச்சாமி விருதுநகரில் நல்லெண்ணெய்க் கடை வைத்திருந்தவர், மானஸ்தர். "குடிச்சுட்டுச் செத்தவனுக்கு நான் எள்ளும் தண்ணியும் எறைக்க மாட்டேன்" என்று பதினாறாம் நாளே விலகிக்கொண்டார். புருஷன் வீட்டில் தினமும் இந்தப் பேச்சைக் கேட்க முடியாமல் பஞ்சம்மாள் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கு, விஸ்வநத்தத்துக்கு வந்துவிட்டாள். அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிற வேலைக்குப் போனாள்.

மறுத்துப் பேச சீனிவாசகத்துக்கு எத்தனையோ நாள் இருந்தது. ஒரு நாள்கூட வாய் வரவில்லை.

கேமராவுக்குள் சுருள் அப்படியே இருந்தது. ஒரு மாதம் கழித்து, அச்சகத்தில் யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டு இருட்டறையில் அதைக் கழுவி, காய்ந்ததும் காகிதத்தில் அச்சுப் போட்டான். விளக்கில் மத்தாப்புப் பெட்டிக்குச் சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டியிருந்தான். காகிதத்தில் ஒவ்வொரு படமாக மிதந்து வந்தது. ஐந்தாவது படத்தில் வெள்ளைத்துரை.

காய்ந்த பிறகு, பழக்க தோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தான். முகம், உதடு, கை, விரல். விரல் நீண்ட திசையில் மருதமரத்தின் கிளை. கிளையில், உட்கார்ந்திருந்தவன் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில், காய்ந்த புல்லும் சருகும் வேரும் கொத்தாகச் சிக்கித் தொங்கியது. பழைய வெள்ளம் விட்டுப்போன செத்தை. ஒரு கிளையில் மட்டுமா? படத்தில் தெரிந்த எல்லாக் கிளைகளிலும், ஒரே மட்டத்தில், கோடு போட்ட மாதிரி.

கிளியின் மூக்கில் ஒரு மயிரிழை குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது. எதிரே இருந்த இத்தனையையும் பார்க்காமல் வெளிச்சத்தை மட்டும் பார்த்திருக்கிறது. சீனிவாசகம் இருட்டறைத் தரையில் உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதான்.

பஞ்சம்மாள் ஆள் அனுப்பியிருந்தாள். வெள்ளைத்துரைக்குப் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. சீனிவாசகம் அண்ணன் எடுத்த படம் ஏதாவது இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டக் கேட்கிறாள் என்று தகவல். சீனிவாசகம் அச்சகத்துப் பெரிய கேமராவில் வைத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினான். கிளையை வெட்டினான். விரலை வெட்டினான். முகமும் தோளும், தோளிலிருந்து மேலே போகிற கையின் ஒரு துண்டும் மிஞ்சியது. அதைக் கண்ணாடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பஞ்சம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "கையை எதுக்குண்ணே தூக்கியிருக்காக?"

"குருவி ஒண்ணு இருந்துச்சு தங்கச்சி. அதைக் காட்டுனான்."

ஏழு வருடம் போயிற்று. சீனிவாசகம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேமராவைத் தொடவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் போவான். வாசலில் நின்றே கொடுத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்று திரும்பிவிடுவான். சுவரில் தொங்கும் படத்தைத் தாண்டி உள்ளே போக அவனால் ஆகாது. "அண்ணே, நீங்க ஒருத்தராவது அவுக குடிச்சதை வெளிய சொல்லாம இருந்தீக" என்று ஒரு தடவை பஞ்சம்மாள் நன்றி சொன்னாள். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு முள்ளுக்காட்டுக்குள் போய் வாந்தி எடுத்தான்.

1965 ஐப்பசியில் அச்சங்குளத்திலிருந்து மலைக்கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களை ஓடை கொண்டுபோயிற்று. மணலில் சமைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளம். அச்சகத்தில் மூட்டை கட்டுகிறவர்கள் இதைப் பேசிக்கொண்டே அடுத்த வாரம் தாங்களும் மலைக்கு ஒரு நடை போய்வரலாமா என்று யோசனை செய்தார்கள். குனிந்து வேலை செய்துகொண்டிருந்த சீனிவாசகம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். நேராக முதலாளி சங்கரலிங்கத்திடம் போனான்.

"மலைக்குப் போறவுகளுக்கு ஒரு நோட்டீஸ் அடிக்கணும் முதலாளி. எங்க தங்கணும், எங்க தங்கக் கூடாதுன்னு. கழிவுத் தாள் போதும்."

சங்கரலிங்கம் நல்ல மனுஷர். "தாராளமா அடிங்க. ஆனா எழுத்தை யாரு படிக்கா? படம் ஒண்ணு போட்டாத்தான் ஜனங்க கையில வாங்கிப் பாக்கும்" என்றார்.

படம் ஒன்று இருந்தது. அதைப் போட வேண்டுமானால் ஒருத்தியிடம் கேட்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விஸ்வநத்தம் போனான். பஞ்சம்மாள் வாசலை ஒட்டி உள்ளே உட்கார்ந்து பிள்ளைகளின் பாவாடையை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை தேய்த்தாலும் போகாத வெள்ளிப் பொடி அவள் நகக்கண்ணில் கறுத்துக் கிடந்தது. இந்தத் தடவை சீனிவாசகம் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"தங்கச்சி, அன்னைக்கு அந்த இடத்தப் பாத்தது நான். வெள்ளை வேண்டாம்னு சொன்னான். மேட்டுக்குப் போயிருவோம்னு சொன்னான். நான்தான் கேக்கல. அவன் ஒரு சொட்டுக் குடிக்கல. போலீஸ்ல நான் மாத்திச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு வெட்டாத முழுப் படத்தை எடுத்துக் கொடுத்தான். பஞ்சம்மாள் வாங்கிக்கொண்டாள். விரல் போகிற திசையில் அவள் கண் மெல்ல ஏறிற்று. கிளையில் நின்றது.

"குருவின்னீக" என்றாள்.

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏழு வருசமா நான் அந்த மனுசனை வைதுக்கிட்டே இருந்திருக்கேன். மூத்தவ டைபாய்டுல கெடந்தப்போ, படத்துக்கு முன்னால நின்னு, 'ஆத்து மணல்ல போய்ப் படுக்கத் தெரிஞ்ச உங்களுக்குப் பிள்ளைகள நெனைக்கத் தெரியலயே'ன்னு கேட்டேன். பக்கத்து ஷெட்டு வெடிச்சு நாலு பேரு கரியாப் போனப்ப, இந்த வேலைக்கு என்னை விட்டுட்டுப் போனீகளேன்னு மண்ணை வாரி வீசுனேன். அம்புட்டையும் அந்த மனுசன் செவுத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்காக."

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் சீனிவாசகத்தைக் கொன்றது. அடித்தாலாவது ஆறியிருக்கும்.

"என்ன செய்யணுமோ சொல்லு தங்கச்சி. செய்யுதேன்."

பஞ்சம்மாள் எழுந்தாள். ஊசியைப் பாவாடையிலேயே குத்தி வைத்தாள். "அவுக அண்ணன்கிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே. நானும் வருவேன்."

விருதுநகரில் சோலைச்சாமி கடையைச் சாத்திவிட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஏழு வருடத்துக்கு அப்புறம் தம்பி பெண்டாட்டி வாசல் மிதிப்பதைப் பார்த்து எழுந்துவிட்டார். சீனிவாசகம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னதையும் விடாமல் சொன்னான்.

சோலைச்சாமி எண்ணெய்ப் பிசுக்குக் கையை வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"எங்க ஆத்தா போன மாசிலதான் செத்தா. கடைசி வரைக்கும் 'எம்புள்ள குடிக்க மாட்டான்டா'ன்னா. நான் அவ வாயை அடக்குனேன்" என்றார். பிறகு, "போலீஸ்ல எழுதுனத மாத்துவீகளா?" என்று கேட்டார்.

மறுநாள் சீனிவாசகம் அந்த ஸ்டேஷனுக்கும் போனான். அப்போதிருந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. புதிதாக வந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது முடிஞ்சுபோன கேஸ். பேப்பர் எங்க இருக்குன்னே தெரியாது. போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். தண்டனை ஏதாவது கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்.

அந்தத் தை அமாவாசைக்குச் சோலைச்சாமி தம்பிக்கு முதன்முறையாக எள்ளும் தண்ணீரும் இறைத்தார். சீனிவாசகத்தைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோட்டீஸுக்குப் பஞ்சம்மாள் சம்மதித்தாள். அவன் போய்க் கேட்டபோது, வாசலில் வழியனுப்புகையில் சொன்னாள். "படத்தைப் போடுங்க. பேரையும் போடுங்க. வேண்டாம்னு சொன்னது இவுகதான்னு தெளிவா எழுதுங்க. அதுக்கப்புறம் நீங்க இங்க வரவேண்டாம்ணே. பிள்ளைகளுக்குத் துணியும் வேண்டாம்."

அவன் சரி என்றான்.

நோட்டீஸ் ஒரு பக்கம்தான். மேலே படம். அதன் கீழே, 'விருதுநகர் வெள்ளைத்துரை இந்தக் கிளையைக் காட்டி, இங்கே தங்க வேண்டாம் என்று சொன்னார். கூட வந்தவன் கேட்கவில்லை. மறுநாள் காலை வெள்ளத்தில் அவர் இறந்தார்' என்று அச்சடித்திருந்தது. அப்புறம் சீனிவாசகம் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியிருந்தான். தங்குமுன் மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள். செத்தை தொங்குகிற மட்டத்துக்கு மேலே போய்ப் படுங்கள். மணல் மெத்தென்று இருக்கிற இடம் தண்ணீருடைய இடம். தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பதை நம்பாதீர்கள். உச்சியில் மேகம் இருக்கிறதா என்று பாருங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ பாத்திரத்தை விட்டுவிட்டு ஏறுங்கள். ஓடைக்குப் பக்கத்தில் சத்தம் கேட்காது. ஒருவரை மேட்டில் நிறுத்தி, கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். படம் எடுக்கிறவர்கள், எடுப்பதற்கு முன் கேமராவை இறக்கிவிட்டு ஒரு தடவை சுற்றிலும் பாருங்கள்.

அடுத்த ஐப்பசியிலிருந்து, லீவு கிடைக்கிற நாளெல்லாம் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் ஏறி மலையடிவாரத்துக்குப் போய்விடுவான். பலர் வாங்கிப் படத்தைப் பார்த்துவிட்டு வேர்க்கடலை மடித்தார்கள். சிலர், "செத்தவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். "கூட வந்தவன் நான்தான்" என்று பதில் சொல்வான். 

ஒரு நாள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மலைக்கோயில் நேர்த்திக்கடனுக்கு வந்திருந்தது. பதினைந்து பேர். ஓடை மணலில் கல் கூட்டி அண்டாவை ஏற்றிவிட்டார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சீனிவாசகம் போய்ச் சொன்னான். குடும்பத் தலைவர் நோட்டீஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வருசா வருசம் இங்கனதான் தங்குதோம். நீங்க யாரு சொல்லுறதுக்கு?"

"நான் யாரும் இல்லீங்க. இந்த மரத்தை மட்டும் அண்ணாந்து பாருங்க. அது போதும்."

அவர் பார்க்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த ஒரு பெண் பார்த்தாள். பார்த்துவிட்டுக் களைந்த அரிசியோடு பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். மற்ற பெண்கள் பின்னாலேயே போனார்கள். ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே அண்டாவைக் கொதிக்கக் கொதிக்க இறக்கிச் சுமந்தார்கள். ஒருவருக்குக் கையில் சூடு பட்டுவிட்டது. சீனிவாசகமும் விறகைச் சுமந்து போட்டுவிட்டு, தள்ளி ஒரு மரத்தடியில் துண்டை விரித்தான்.

மழை வரவில்லை. விடிந்தபோது ஓடை கணுக்கால் அளவில் சலசலத்துக்கொண்டிருந்தது. மணல் காய்ந்தே கிடந்தது.

குடும்பத் தலைவர் இறங்கி வந்து மணலைக் காலால் கிளறினார். "உங்க பேச்சைக் கேட்டு எம்புட்டுப் பாடு பட்டோம் தெரியுமா? ஒருத்தன் கை வெந்துபோச்சு. ஒரு சொட்டு விழுந்துச்சா?"

"விழலீங்க" என்றான் சீனிவாசகம்.

அவர் இன்னும் என்னவோ திட்டினார். அவன் கேட்டுக்கொண்டான். கை வெந்தவரால் பாத்திரம் தூக்க முடியவில்லை. சீனிவாசகம் அண்டாவின் ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் இரண்டு மைல் அவர்களோடு நடந்தான்.